"நல்லாருக்குடா"ன்னு சொன்னா போதுமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஃப்ரெண்டு ஒருத்தன் 48 மணி நேர கேம் ஜாம்ல (குறிச்ச நேரத்துக்குள்ள ஒரு கேமை உருவாக்குற நிகழ்ச்சி) தனியாளா ஒரு பிளாட்ஃபார்மர் கேம், அதாவது மேடைக்கு மேடை குதிச்சுப் போற கேம், பண்ணிருக்கான். "விளையாடிட்டு உண்மையைச் சொல்லுடா"ங்கறான். ரெண்டாவது லெவல்லயே கடுப்பாகி மூடிட்டேன். உண்மையைச் சொன்னா அவன் மனசு கஷ்டப்படும், பொய் சொல்ல எனக்கு வரல. என்ன பண்ணட்டும்?

பதில்: மூடிட்டேன்னு சொன்னீங்க பாருங்க, அதுதாங்க ஃபீட்பேக்கே. எந்த இடத்துல மூடுனீங்க, அதுக்கு முன்னாடி எத்தனை தடவை செத்தீங்க, அந்த நேரம் என்ன பண்ண நெனச்சீங்க, அவ்ளோதான் சொல்லணும். "கண்ட்ரோல் மொக்கை"ன்னு சொன்னா அவன் எதைப் போய்த் திருத்துவான் பாவம்? அதுவே "ரெண்டாவது லெவல்ல பள்ளத்தோட ஓரத்துல ஜம்ப் அழுத்துனேன், அழுத்தியும் குதிக்காம விழுந்துட்டேன், ஆறு தடவை இதே கதை"ன்னு சொல்லுங்க, அவனுக்கே பொறி தட்டும், கொயோட்டி டைம் வைக்க மறந்துட்டோம்னு.

அது என்னன்னா, விளிம்பைத் தாண்டி கால் காத்துல போனப்புறமும் ஒரு அஞ்சாறு ஃப்ரேம் (ஸ்க்ரீன்ல அடுத்தடுத்து வர்ற ஒவ்வொரு படமும் ஒரு ஃப்ரேம்) வரைக்கும் ஜம்பை கேம் ஏத்துக்கும். நொடிக்கு 60 ஃப்ரேம் ஓடுற கேம்ல 6 ஃப்ரேம்னா பத்துல ஒரு பங்கு நொடிதான், ஆடுறவங்களுக்கு அது தெரியவே தெரியாது, ஆனா அது இல்லன்னா கேம் நம்மள ஏமாத்துற மாதிரியே இருக்கும். சேர்க்கறதுக்கு புரோகிராம்ல நாலஞ்சு வரி எழுதினா போதும். இந்தப் பேரெல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்னு அவசியமே இல்ல. டாக்டர்கிட்ட போய் எங்க வலிக்குதுன்னுதானே சொல்லுவோம், மாத்திரை பேரையா சொல்லுவோம் (சொல்றவங்களும் இருக்காங்க, அதை விடுங்க).

அவனால ஏன் இதைக் கண்டுபிடிக்க முடியலன்னா, அதே லெவலை ரெண்டு நாளா ஆடி ஆடி அவன் கை பழகிருச்சு, எந்த பிக்சல்ல அழுத்தணும்னு விரலுக்கே தெரியும். முதல் தடவை ஆடுற ஆள் இப்ப நீங்கதான், அந்த வாய்ப்பு ஒரு தடவைதான், ஆடும்போதே மனசுல பட்டதை எழுதி வச்சுக்கங்க.

இன்னொன்னு, "இன்னும் பத்து லெவல் வேணும், சேவ் வேணும், கதை வேணும்"னு ஆரம்பிச்சுடாதீங்க. 48 மணி நேரத்துல தூங்கவும் செஞ்சிருப்பான்ல! லூடம் டேர்ங்கற பேர்போன ஆன்லைன் கேம் ஜாம்லயே ஃபன், புதுமை, தீம், கிராஃபிக்ஸ், ஆடியோன்னு தனித்தனியாதான் மார்க் போடுவாங்க. ரெண்டு நாளை எல்லாத்துக்கும் பங்கு போட முடியாதுல்ல. அதனால எதுக்கு அதிக நேரம் செலவழிச்சேன்னு முதல்ல அவன்கிட்டயே கேட்டுட்டு அதைப் பத்திப் பேசுங்க.

எதை மாத்தக்கூடாதுங்கறதையும் மறக்காம சொல்லுங்க, அதை நிறைய பேர் விட்டுடறாங்க. 'பாபா ஈஸ் யூ' கேம் 2017 நார்டிக் கேம் ஜாம்ல உருவானதுதான், வார்த்தைகளைத் தள்ளி ரூலையே மாத்துறதுங்கற விஷயம் அப்பவே அதுல இருந்துச்சு, 2019ல முழு கேமா வந்தப்பவும் அதுதான் அதோட உயிர். உங்க ஃப்ரெண்டு கேம்லயும் அப்படி ஒன்னு இருக்கலாம். முதல் லெவல்ல எதையாவது பார்த்து "அட"ன்னு தோணுச்சுன்னா அந்த இடத்தைச் சரியாச் சொல்லுங்க, பொதுவா "சூப்பர் மச்சி"ங்கறதை வச்சு அவன் ஒன்னும் பண்ண முடியாது.

கேள்வி: என் ஜாம் கேமை விளையாடிட்டு ஒருத்தர் "போர்"னு ஒரே வார்த்தை சொல்லிட்டுப் போயிட்டார். எப்படி ஆடணும்னு அவருக்கு விளக்கிச் சொல்லலாமா?

பதில்: வேணாங்க. கேம் கூடவே நீங்களும் டவுன்லோட் ஆகி ஒவ்வொருத்தர் பக்கத்துலயும் உக்காரப் போறதில்லயே. "எந்த இடத்துல போரடிச்சுது?"ன்னு ஒரு தடவை மட்டும் கேளுங்க, பதில் வந்தா லாபம். வரலன்னா அடுத்த ஆளை ஆடச் சொல்லிட்டு, நீங்க வாயைத் திறக்காம பின்னாடி நின்னு பாருங்க. அவர் எங்க முழிக்கறார்னு பார்த்தாலே பாதி விஷயம் தெரிஞ்சுரும், வாயைத் திறக்காம நிக்கறதுதான் ரொம்ப கஷ்டம்.

கேள்வி: கேம் ஓப்பன் பண்ணதும் மியூசிக் காதைக் கிழிக்குது. சின்ன விஷயந்தானே, சொல்லணுமா?

பதில்: முதல்ல அதைத்தான் சொல்லணும்! ஹெட்ஃபோன் போட்டவங்க பாதி பேர் அங்கயே ஓடிருப்பாங்க. ஒரு மியூட் பட்டன் வைக்கச் சொல்லுங்க.