இரத்தத்தில் தங்கும் எம்.ஆர்.ஐ. ஊசிமருந்து: வாசகர் கேள்விகள்

அம்மாவுக்கு ஸ்கான் நடுவில் ஊசி போட்டார்கள். ஊசியில்லாமல் எடுக்க ஏலாதா? (நல்லூர்)

பல ஸ்கான்களுக்கு ஊசி தேவையே இல்லை. கட்டி, தொற்று, இரத்தக்குழாய் போன்றவற்றைத் தெளிவாகப் பார்க்கத்தான் கடோலினியம் என்ற உலோகம் சேர்ந்த மருந்து. அது சேர்ந்த இடம் படத்தில் வெளிச்சமாகத் தெரியும்.

இரத்தத்தில் நீண்டநேரம் தங்கும் மருந்து எதற்கு? எப்படிச் செய்கிறார்கள்? (உயர்தர மாணவி, சாவகச்சேரி)

இதற்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல ஆசை. வழக்கமான மருந்தின் மூலக்கூறு சிறியது. சில நிமிடங்களிலேயே குழாயைவிட்டுத் திசுக்களுக்குள் கசியத் தொடங்கிவிடும். நுண்ணிய குழாய்களை நிதானமாகப் படமெடுக்க அந்த அவகாசம் போதாது.

கடோபொஸ்வெசெற் என்ற மருந்து இரத்தத்திலுள்ள அல்புமின் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். பெரிய புரதத்தோடு சேர்ந்ததும் அது சுழலும் வேகம் குறையும். அதனாலேயே சமிக்ஞையும் கூடும். ஐரோப்பாவில் 2005இலும் அமெரிக்காவில் 2008இலும் அனுமதி பெற்றும், பிறகு அது சந்தையிலிருந்து போய்விட்டது. நல்ல வேதியியல், எனக்கு இன்றும் கவலைதான்.

இன்னொரு வழி, வெல்லப் பலபகுதியம் (பொலிமர், சிறு மூலக்கூறுகள் கோத்த நீண்ட சங்கிலி) பூசிய இரும்பொட்சைட்டு நுண்துணிக்கை. பூச்சு சரியில்லாவிட்டால் ஈரலிலும் மண்ணீரலிலும் உள்ள தின்குழியங்கள் உடனே பிடித்துவிடும். பெருமொக்சிற்றோல் இவ்வகை, அதன் அரைவாழ்வு, அதாவது இரத்தத்தில் அதன் அளவு பாதியாகும் நேரம், ஏறத்தாழ 15 மணித்தியாலம்.

ஆனால் தங்கவைப்பதைவிட வெளியேற்றுவதுதான் பெரிய வேலை. கடோலினியம் தனி அயனாக நஞ்சு. கூண்டு போன்ற ஒரு மூலக்கூறுதான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. உடலில் இருக்கும் நேரம் கூடக்கூட அது விடுபடும் வாய்ப்பும் கூடும். கடோலினியத்தைப் பெரிய பலபகுதியங்களில் கட்டிய முயற்சிகள் இங்கேதான் தடுமாறின. அதனால் வேலை முடிந்ததும் சிறுதுண்டுகளாக உடைந்து சிறுநீரில் போகும் பலபகுதியங்களைத் தேடுகிறார்கள். நீங்கள் ஆய்வுக்குப் போனால் இந்தப் பக்கம் வாருங்கள்.

அப்பாவுக்குச் சிறுநீரக வருத்தம். கடோலினியம் போடலாமா? (பருத்தித்துறை)

கடுமையான சிறுநீரகப் பாதிப்புள்ளவர்களில் தோலும் மூட்டுகளும் இறுகும் நோய்க்கும் இம்மருந்துக்கும் உள்ள தொடர்பு 2006இல் வெளிவந்தது. அது பெரும்பாலும், கடோலினியத்தை முழுதாக அடைக்காத கூண்டுள்ள பழைய நேர்க்கட்டமைப்பு மருந்துகளால் வந்தது. கூண்டு அதை வளையமாகச் சூழ்ந்திருக்கும் வளையக் கட்டமைப்பு மருந்துகளில் ஆபத்து மிகக் குறைவு. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேற்றினின் இரத்தப் பரிசோதனை அறிக்கையைக் கட்டாயம் கொண்டுபோங்கள். எந்த வகை மருந்து என்று டொக்டரிடம் கேளுங்கள்.

அப்படியென்றால் இரும்பு மருந்து முழுப் பாதுகாப்பா? (கோப்பாய்)

இல்லை. சிறுநீரகத்தை நம்பியிராதது நல்ல விடயம். அந்த இரும்பை உடலே பயன்படுத்திக்கொள்ளும். பெருமொக்சிற்றோல் 2009இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றதுகூடச் சிறுநீரக நோயாளரின் இரத்தச்சோகைக்குத்தான். ஆனால் உயிராபத்தான ஒவ்வாமை வரலாம் என்பதால் 2015இல் அமெரிக்காவில் எச்சரிக்கையைக் கடுமையாக்கினார்கள். குறைந்தது 15 நிமிடம் எடுத்து மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும். அப்புறம், இது மூன்று மாதம் வரை எம்.ஆர்.ஐ. படங்களை மாற்றக்கூடும். எங்கே ஏற்றியிருந்தாலும், அடுத்த ஸ்கானுக்குப் போகும்போது சொல்லிவிடுங்கள்.