கம்யூனிட்டி காலேஜில் 2 ஆண்டு, பிறகு அமெரிக்கப் பல்கலைக்கழகம்: இந்த வழி வெளிநாட்டு மாணவர்களுக்குச் சரிவருமா?

கம்யூனிட்டி காலேஜ் என்பது பட்டப்படிப்பின் முதல் 2 ஆண்டைக் குறைந்த கட்டணத்தில் தரும் கல்லூரி. இந்த வழி சரிவரும். ஆனால் எந்தப் பல்கலைக்கழகம், எந்தத் துறை என்பதை முதல் செமஸ்டருக்கு முன்பே முடிவு செய்துகொண்டு போகிறவர்களுக்குத்தான். "முதலில் உள்ளே போய்விடுவோம், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று போனால் 2 ஆண்டு 3 ஆண்டாகிவிடும். மிச்சம் பிடிக்க நினைத்த பணமும் அதிலேயே கரைந்துவிடும்.

கலிஃபோர்னியாவை வைத்துச் சொல்கிறேன், காலேஜிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு மாறும் விதிகள் அங்கே தெளிவாக எழுதப்பட்டிருக்கின்றன. வெளிநாட்டு மாணவருக்குக் கம்யூனிட்டி காலேஜ் கல்விக் கட்டணம் ஆண்டுக்குச் சுமார் 10,000 டாலர். யூசி எனப்படும் கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகங்களில் அது 50,000 டாலரைத் தாண்டும். வாடகை, சாப்பாட்டுச் செலவு இரண்டு இடத்திலும் உண்டு. பல கம்யூனிட்டி காலேஜ்களில் விடுதியே கிடையாது. விசாவுக்குத் தேவையான ஐ-20 என்ற சேர்க்கைப் படிவத்தைக் காலேஜிடம் வாங்க ஓர் ஆண்டுச் செலவுக்குப் பணம் காட்டினால் போதும். ஆனால் நீங்கள் 4 ஆண்டுக்கும் கணக்குப் போடுங்கள். 3, 4-ஆம் ஆண்டுகளில் முழுக் கட்டணம் வரும். எஃப்-1 எனப்படும் மாணவர் விசாவில் இருப்பவருக்கு அமெரிக்க அரசின் கல்வி உதவி கிடைக்காது.

சேர்வது எளிது. எஸ்ஏடி நுழைவுத் தேர்வு கேட்பதில்லை, டோஃபல் என்ற ஆங்கிலத் தேர்வு மதிப்பெண்ணும் குறைவாக இருந்தாலே போதும். இந்த எளிமையில்தான் முதல் சறுக்கல். ஆங்கில மதிப்பெண் குறைந்தால் தொடக்கநிலை ஆங்கில வகுப்புகளில் போடுவார்கள். அவற்றில் பெரும்பாலானவை பல்கலைக்கழகக் கணக்கில் சேராது. தேர்வை இன்னொரு முறை எழுதிவிட்டுப் போவது ஒரு செமஸ்டரைக் காப்பாற்றும்.

பாடத் தேர்வுதான் இதில் உயிர்நாடி. அசிஸ்ட் என்ற இணையதளத்தில் உங்கள் காலேஜையும், போக விரும்பும் வளாகத்தையும், துறையையும் கொடுத்தால், எந்தப் பாடம் அங்கே எந்தப் பாடத்துக்கு ஈடாகும் என்று காட்டும். காலேஜைத் தேர்ந்தெடுக்கும் முன்பே அதைத் திறந்து பாருங்கள். பொறியியலில் பாடங்கள் சங்கிலியாக வரும்: கால்குலஸ் 1 முடித்தால்தான் 2, அதன் பிறகுதான் பலமாறிக் கால்குலஸ், இயற்பியலும் கால்குலஸின் பின்னால்தான் வரும். ப்ரீகால்குலஸில் தொடங்கினால் சங்கிலி முழுவதும் ஒரு செமஸ்டர் தள்ளிப்போகும். யூசிக்கு மாற 60 செமஸ்டர் யூனிட் வேண்டும் (யூனிட் என்பது ஒவ்வொரு பாடத்துக்கும் தரும் அளவு); கலிஃபோர்னியாவில் நிரந்தரமாக வசிக்காதவருக்குக் குறைந்தபட்ச ஜிபிஏ, அதாவது 4-க்குக் கணக்கிடும் சராசரி மதிப்பெண், 2.8. போட்டி மிகுந்த துறைகளுக்கு அந்த 2.8 போதவே போதாது.

பலரும் கவனிக்காத ஒன்று: ஆகஸ்டில் சேர்ந்தவர், 2 ஆண்டில் மாற வேண்டுமானால், அடுத்த ஆண்டு அக்டோபர், நவம்பரிலேயே யூசிக்கு விண்ணப்பிக்க வேண்டும். அப்போது கையில் இருப்பது முதல் ஆண்டு மதிப்பெண் மட்டும். ஊர் பழகட்டும் என்று முதல் செமஸ்டரில் மெதுவாகப் போக நேரமில்லை.

டேக் என்ற உத்தரவாதச் சேர்க்கைத் திட்டம் டேவிஸ், இர்வைன், மெர்சட், ரிவர்சைடு, சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய 6 வளாகங்களில் இருக்கிறது. இவற்றில் ஒன்றுக்கு மட்டும், செப்டம்பர் 1 முதல் 30-க்குள் விண்ணப்பிக்க வேண்டும். பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியாகோ இதில் இல்லை. கணினி, பொறியியல் துறைகளைச் சில வளாகங்கள் இந்த உத்தரவாதத்தில் சேர்ப்பதில்லை. பட்டியலை அந்தந்த ஆண்டுக்குப் பாருங்கள்.

விசா நேர்காணலில் "ஏன் கம்யூனிட்டி காலேஜ்?" என்று நிச்சயம் கேட்பார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டணம் குறைவு என்பது மட்டும் பதிலாகாது. எந்த வளாகம், எந்தத் துறை, எந்த ஆண்டு மாறப்போகிறீர்கள் என்று சொல்லத் தெரிய வேண்டும்.

போன பிறகு செமஸ்டருக்குக் குறைந்தது 12 யூனிட் படித்தாக வேண்டும்; முழுக்க ஆன்லைனில் நடக்கும் வகுப்பு ஒன்றுதான் அந்தக் கணக்கில் சேரும். கடினமான வகுப்பை ஜிபிஏவுக்குப் பயந்து நடுவில் விடுகிறவர்கள் பலர். 12 மட்டும் எடுத்திருந்தால், அனுமதி இல்லாமல் விட்ட அன்றே எஃப்-1 நிலை போய்விடும். 15 எடுத்தால் 3 யூனிட் வகுப்பு ஒன்றை விட்டாலும் 12 நிற்கும். எதையும் விடாவிட்டால் 4 செமஸ்டரில் 60-ம் முடியும்.

கடைசியாக, டிசம்பரில் படிப்பை முடித்துவிடாதீர்கள். செவிஸ் என்ற அமெரிக்க அரசின் வெளிநாட்டு மாணவர் பதிவைப் புதிய இடத்துக்கு மாற்றும்போது, படிப்பு முடிந்த நாளிலிருந்து 5 மாதத்துக்குள் அங்கே வகுப்பு தொடங்க வேண்டும். மே மாதம் முடித்தால் செப்டம்பர் தொடக்கம் உள்ளே வந்துவிடும், டிசம்பரில் முடித்தால் வராது. மீதம் ஒன்றிரண்டு பாடம்தான் என்றாலும் அதை மே மாதம் முடியும் வசந்த செமஸ்டருக்கு வைத்துக்கொள்ளுங்கள். கடைசி செமஸ்டரில் 12-க்குக் குறைவாகப் படிக்கக் காலேஜின் டிஎஸ்ஓ, அதாவது வெளிநாட்டு மாணவர்களின் விசா விவகாரங்களைக் கவனிக்கும் அலுவலர், அனுமதி தரலாம். அந்த அனுமதியை வகுப்பு தொடங்கும் முன்பே வாங்கிவிடுங்கள்.