பட்ட மரம்தானே என்று கோடாரியைத் தூக்காதீர்கள்

விறகு வெட்டுவதில் அப்படி என்ன ஆபத்து, காலங்காலமாக எல்லோரும் செய்கிற வேலைதானே என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். மற்றவர்கள் அனுப்பியிருக்கும் கேள்விகளைப் படித்தாலே அவருக்குப் பதில் கிடைத்துவிடும் என்பதால் இந்த முறை எல்லாவற்றையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: தோட்டத்து ஓரத்தில் ஒரு மரம் பட்டுப்போய் நிற்கிறது. இலையே இல்லை, பட்டை உரிந்து நன்றாகக் காய்ந்திருக்கிறது. பச்சை மரத்தை வெட்டுவதைவிட இதை வெட்டினால் உடனே எரிக்கலாம், பாவமும் இல்லை. நானே வெட்டிக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். விறகு தேடுகிறவர் கண்ணில் முதலில் படுவது பட்ட மரம்தான், வெட்டுகிறவருக்கு ஆக மோசமானதும் அதுதான்.

மரம் நாம் நினைத்த பக்கம் விழுவதற்குக் காரணமே, கடைசிவரை அறுக்காமல் நடுவில் விடுகிற மெல்லிய ஒரு துண்டு மரம். அது கதவுக்குக் கீல் மாதிரி வளைந்துகொடுத்து மரத்தைப் பிடித்தபடியே கீழே இறக்கும். பச்சை மரத்தில் நார் உயிரோடு இருப்பதால் வளைகிறது. பட்ட மரத்தில் அது பட்டென்று முறிந்துவிடும், அதற்கப்புறம் மரம் எந்தப் பக்கம் போகும் என்பது உங்கள் கையில் இல்லை.

இதைவிடப் பெரிய ஆபத்து தலைக்கு மேலே இருக்கிறது. கோடாரி ஒவ்வொரு முறை இறங்கும்போதும் அதிர்வு உச்சிவரை போகிறது. உளுத்த கொப்போ, சில சமயம் மரத்தின் உச்சிப் பகுதியே கூடவோ, ஒடிந்து நேராக அடிமரத்தில் நிற்பவர் மேல்தான் விழும். செயின்சா என்கிற மோட்டார் ரம்பத்தின் சத்தத்தில் முறிகிற ஓசைகூடக் காதில் விழாது.

எவ்வளவு உளுத்திருக்கிறது என்று பார்க்க, கோடாரியின் பின்பக்கத்தால் அடிமரத்தைச் சுற்றி வெவ்வேறு உயரத்தில் தட்டிப் பாருங்கள். கெட்டி மரம் கணீரென்று சொல்லும், உள்ளே பொந்து இருந்தால் ‘பொத்’தென்று கேட்கும். தூரில் காளான் முளைத்திருந்தாலும் சந்தேகப்படுங்கள். அறுக்கும்போது வெளுப்பான தூள் வராமல் கறுப்பாக, ஈர மண் மாதிரி வந்தால் அதற்கு மேல் கை வைக்கக்கூடாது. ஆனால் தட்டிப் பார்த்துக் கெட்டியாக இருந்தால் வெட்டலாம் என்று நான் சொல்லவில்லை, கவனியுங்கள். மேலே உள்ள கொப்புகளை உங்களால் தட்டிப் பார்க்க முடியாது. பட்ட மரத்தைத் தொழில் தெரிந்தவர்களிடம் விட்டுவிடுங்கள்.

‘உடனே எரிக்கலாம்’ என்பதும் பாதிதான் உண்மை. நின்ற நிலையில் பட்ட மரத்தின் அடிப்பகுதியில் ஈரம் வெகுநாள் தங்கும். அப்போதுதான் வெட்டிய பச்சை மரத்தின் எடையில் ஏறத்தாழ பாதி தண்ணீராகவே இருக்கலாம், நன்றாக எரிய ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே வரவேண்டும். பிளந்து, காற்றோட்டமாக அடுக்கி, மேலே மட்டும் மூடிவைத்தால் மரத்தைப் பொறுத்து ஆறு மாதமோ ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆகும். ஆக்கப் பொறுத்தவர் ஆறவும் பொறுக்கத்தான் வேண்டும்.

கேள்வி: பச்சை மரமே என்றால், நினைத்த பக்கம் விழவைப்பது எப்படி?

பதில்: கோடாரியை எடுப்பதற்கு முன்னால் மரத்தை ஒரு சுற்று சுற்றி வந்து அண்ணாந்து பாருங்கள். எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, கிளைகளின் பாரம் எந்தப் பக்கம், காற்று எப்படி, குளவிக்கூடு உண்டா, காய்ந்த கொப்பு எதிலாவது தொங்குகிறதா. மின்கம்பி எட்டும் தூரத்தில் இருந்தால் அது உங்கள் வேலையே இல்லை, மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள்.

மற்றவர்கள் குறைந்தது மரத்தின் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தூரம் தள்ளி நிற்கவேண்டும். நீங்கள் விலகுவதற்கான வழியையும் முதலிலேயே சுத்தம் பண்ணிவிடுங்கள், அது மரம் விழும் திசைக்கு நேர் பின்னால் இல்லை, பின்பக்கமாகச் சாய்வாக, சுமார் 45 பாகை. நேர் பின்னால் போனால், விழுகிற மரத்தின் அடி துள்ளிப் பின்னால் பாய்ந்து ஆளை அடிக்கும்.

பிறகு விழவேண்டிய பக்கத்தில் ஆப்பு வடிவத்தில் ஒரு துண்டை வெட்டி எடுக்கிறோம், ஆழம் குறுக்களவில் ஐந்தில் ஒன்றிலிருந்து நான்கில் ஒன்றுவரை. எதிர்ப்பக்கத்திலிருந்து, வெட்டி எடுத்த அந்த வாயின் உள்மூலைக்குச் சற்று மேலாக அறுத்து வந்து, குறுக்களவில் பத்தில் ஒரு பங்கு மரத்தை அறுக்காமல் நிறுத்துகிறோம். 30 செ.மீ. மரம் என்றால் 3 செ.மீ. கனம், அதுதான் முதல் பதிலில் சொன்ன கீல். அதை அறுத்துவிட்டால் திசை போச்சு. அறுப்பில் ஒரு பிளாஸ்டிக் ஆப்பையோ மர ஆப்பையோ சொருகி வைத்தால் மரம் பின்னால் உட்கார்ந்து வாளைக் கவ்விப் பிடிக்காது.

அறுத்த கீறல் மெல்ல விரியும், நார் நெரிபடும் சத்தம் வரும், உச்சி இலைகள் காற்றில்லாமலே அசையும். அந்தக் கணத்தில் வேலையை விட்டுவிட்டு, பார்த்து வைத்த வழியில் விலகவேண்டும். இன்னும் ஒரே ஒரு இழுப்பு என்று நிற்கிறவர்கள்தான் அடிபடுகிறார்கள். விழுந்த பிறகும் உடனே கிட்டப் போகாதீர்கள், போகிற வழியில் அது முறித்த கிளைகள் பக்கத்து மரங்களில் தொங்கிக்கொண்டிருக்கும்.

முன்பக்கம் ரொம்பவும் சாய்ந்த மரத்தை இந்த முறையில் அறுக்கவே கூடாது. பாதி அறுக்கும்போதே தண்டு நெடுகப் பிளந்து, பின்பாதி மேலே எகிறி, நிற்பவர் முகத்துக்கு நேராக வரும். விலக நேரம் இருக்காது.

கேள்வி: வெட்டிய மரம் கீழே வராமல் பக்கத்து மரத்தில் சாய்ந்து மாட்டிக்கொண்டது. தாங்கி நிற்கிற மரத்தையும் வெட்டினால் இரண்டும் சேர்ந்து விழுந்துவிடும், விறகும் இரட்டிப்பு என்கிறார் என் மைத்துனர். செய்யலாமா?

பதில்: மைத்துனரை அந்தப் பக்கமே விடாதீர்கள். தாங்குகிற மரத்தின் மேல் இப்போது இரண்டு மரத்தின் பாரம் இருக்கிறது, அதை அறுத்தால் எது முதலில், எந்தப் பக்கம் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. மாட்டியிருக்கும் மரத்தின் மேல் ஏறிக் குலுக்குவது, அடியிலிருந்து துண்டு துண்டாக நறுக்கிக்கொண்டே வருவது, இன்னொரு மரத்தை அதன் மேல் தள்ளி இறக்கப் பார்ப்பது, இவையும் ஆளைக் கொல்கிற வழிகள்தான். துண்டு போடுவது பார்க்கப் புத்திசாலித்தனமாகத் தெரியும், ஆனால் ஒவ்வொரு துண்டு போகும்போதும் மரம் செங்குத்தாக நிமிர்ந்து, கடைசியில் உங்கள் பக்கமே திரும்பும்.

சரியான வழி, அடிமரத்தில் வடம் கட்டி, தூரத்திலிருந்து வின்ச் (வடத்தைச் சுற்றி இழுக்கும் கருவி) வைத்துப் பின்னோக்கி இழுப்பது. மெல்லிய மரமாக இருந்தால் நெம்புகோலால் உருட்டிப் பார்க்கலாம். வடம் இழுபடும்போது அதன் நேர்க்கோட்டில் ஒருவரும் நிற்கக்கூடாது, அறுந்தால் சாட்டையாக வீசும். இன்றைக்கு முடியவில்லை என்றால் சுற்றிலும் கயிறு கட்டி, யாரும் அடியில் போகாதபடி தெரியும் அடையாளம் வைத்துவிட்டு ஆள் கூப்பிடுங்கள். கன்றுக்குட்டி, குழந்தை எல்லாம் நிழலைத் தேடி அங்கேதான் போகும்.

கேள்வி: கோடாரியா, செயின்சாவா, எது பாதுகாப்பு?

பதில்: இரண்டும் காலை வெட்டும். கோடாரி மெதுவாக வேலை செய்வதால் யோசிக்க நேரம் தருகிறது, அவ்வளவுதான். தலை ஆடுகிற கோடாரியைத் தொடாதீர்கள். விறகு பிளக்கும்போது மாட்டிக்கொண்ட கோடாரியைச் சுத்தியலால் அடிக்காதீர்கள், எஃகுச் சில்லு கண்ணுக்குப் பறக்கும். அடித்து அடித்துத் தலை விரிந்த இரும்பு ஆப்பும் அப்படித்தான், விரிந்த விளிம்பை ராவிவிட்டுத்தான் பயன்படுத்தவேண்டும்.

செயின்சாவில் பலருக்குத் தெரியாதது நுனியின் மேல்பாகம். அந்தக் கால் வட்டம் எதிலாவது பட்டால், மறைந்திருக்கும் ஒரு கிளையாக இருந்தாலும், மெஷின் கண் இமைப்பதற்குள் முகத்தை நோக்கி எகிறும். இடது கைக்கு முன்னால் இருக்கும் தடுப்பு, கையைக் காக்க மட்டும் வைத்ததில்லை, எகிறும்போது அது முன்னால் தள்ளப்பட்டுச் செயினை நிறுத்துகிற பிரேக். ஆகவே இரண்டு கையும் பிடியில், கட்டை விரல் பிடியைச் சுற்றி, வாள் ஒருபோதும் தோளுக்கு மேல் போகக்கூடாது.

ஹெல்மெட், கண் மறைப்பு, காதடைப்பு மூன்றும் வேண்டும். மெஷின் சத்தம் 100 டெசிபலைத் தாண்டும். செயின்சாவுக்கென்றே ஒரு கால்சட்டை உண்டு, துணி அடுக்குகளுக்குள் நீள நீள இழைகள் இருக்கும். செயின் பட்டதும் அந்த இழைகள் இழுபட்டு, பற்சக்கரத்தில் சுற்றிக்கொண்டு மெஷினை நிறுத்திவிடும். எதை விட்டாலும் இதை விடாதீர்கள் என்பேன். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு செயின்சா பிடிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு அடிவயிறு கலங்குகிறது.

கேள்வி: புயலில் விழுந்து கிடக்கும் மரம். ஏற்கெனவே கீழே இருப்பதால் ஆபத்தில்லை அல்லவா?

பதில்: இருக்கிறது. தண்டு வளைந்து அழுத்தத்தில் கிடக்கும். இரண்டு முனையும் தாங்கலில் இருந்து நடு தொங்கினால், மேல்பக்கம் நெருக்கத்திலும் கீழ்ப்பக்கம் இழுவையிலும் இருக்கிறது, எனவே முதலில் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு அறுத்து, மிச்சத்தைக் கீழிருந்து முடிக்கவேண்டும். ஒரு முனை மட்டும் அந்தரத்தில் இருந்தால் தலைகீழ், முதலில் கீழிருந்து. மாற்றிச் செய்தால் வாள் கவ்விக்கொள்ளும், இல்லையென்றால் கட்டை பிளந்து சிதறும். அடியில் சிக்கி வில்லாக வளைந்திருக்கும் இளமரத்தை ஒரே வீச்சில் அறுத்தால் அது முகத்தில் அடிக்கும்.

வேரோடு சாய்ந்திருந்தால் இன்னொன்றையும் பார்க்கவேண்டும். தண்டை அறுத்துவிட்டதும், மண்ணோடு பெயர்ந்து நிற்கும் வேர்ப்பகுதிக்கு எதிர்ப்பாரம் போய்விடுகிறது. அது திடீரென்று நிமிர்ந்து குழிக்குள் திரும்ப உட்காரும், சில சமயம் மறுபக்கம் கவிழும். அந்தக் குழியில் பிள்ளைகள் யாராவது விளையாடுகிறார்களா என்று ஒவ்வொரு முறையும் போய்ப் பார்த்துவிட்டு அறுங்கள். சரிவான இடம் என்றால் எப்போதும் மேட்டுப் பக்கம் நில்லுங்கள். 30 செ.மீ. தடிமனும் 1 மீட்டர் நீளமும் உள்ள ஒரு பச்சைக் கட்டையே சுமார் 70 கிலோ வரும், அது உருண்டால் பிடித்து நிறுத்த முடியாது.

கேள்வி: அப்பாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. தனியாகப் போய் விறகு வெட்டுகிறார், சொன்னால் கோபம் வருகிறது. என்ன செய்வது?

பதில்: அனுபவம் உள்ளவரிடம் ‘உங்களுக்கு முடியாது’ என்றால் கோபம் வரத்தான் செய்யும். தனியாகப் போகாதீர்கள் என்று மட்டும் கேளுங்கள், அதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். மரத்தின் அடியில் கால் சிக்கியவரால் தானாக வெளியே வர முடியாது, கூப்பிட்டாலும் கேட்க ஆள் இருக்காது. போன் பையில் இல்லாமல் உடம்பிலேயே இருக்கட்டும், கூடவே ஒரு விசிலும். எந்த இடம், எத்தனை மணிக்குத் திரும்புவார் என்று வீட்டில் ஒருவருக்குத் தெரிந்திருக்கட்டும். கூடப் போகிறவருக்கு ரத்தத்தை நிறுத்தத் தெரியவேண்டும்: சுத்தமான துணியைக் காயத்தின் மேல் வைத்துப் பலமாக அழுத்தவேண்டும், நின்றுவிட்டதா என்று அடிக்கடி எடுத்துப் பார்க்கக்கூடாது, துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொன்றை வைத்து அழுத்தியபடி ஆம்புலன்ஸைக் கூப்பிடவேண்டும்.

கேள்வி: ஏணி போட்டு ஏறி, செயின்சாவால் கிளைகளை மட்டும் கழிக்கலாமா?

பதில்: கூடாது. பாரம் போனதும் கிளை மேலே எழும்பும், ஏணிக்குச் சாய ஒன்றும் இருக்காது, ஓடுகிற மெஷின் உங்கள் கையில் இருக்கும். தரையில் நின்று எட்டுகிற கிளைகளுக்கு நீளக் கழியில் கட்டிய கைவாள் போதும், எட்டாதவை அங்கேயே இருக்கட்டும்.