பேசிப் பழகாத ஒருவருக்காக அழலாமா?

கேள்வி: 2001இல் திருமணமாகி அமெரிக்காவில் சியாட்டில் நகரத்துப் பக்கம் வந்து சேர்ந்தேன். கணவரின் விசாவைச் சார்ந்து வந்ததால் வேலைக்குப் போக எனக்கு அனுமதி இல்லை. அவர் வீடு திரும்ப இரவாகிவிடும். மாலை நேரங்களில் தொலைக்காட்சியில் ஓடிய பேஸ்பாலை ஒன்றும் புரியாமலே பார்க்கத் தொடங்கினேன். அந்த ஆண்டுதான் ஜப்பானிலிருந்து இச்சிரோ சுசூகி, சியாட்டில் மேரினர்ஸ் அணிக்கு ஆட வந்தார். அவரைப் பார்த்துத்தான் அந்த ஆட்டத்தையே கற்றுக்கொண்டேன். 2019இல் டோக்கியோவில் அவர் ஓய்வு பெற்ற ஆட்டத்தை இங்கே விடிவதற்கு முன்பே எழுந்து பார்த்தேன், அழுதுவிட்டேன். 2025 ஆகஸ்டில், அவர் அணிந்த 51ஆம் எண்ணை இனி யாருக்கும் தருவதில்லை என்று அணி விழா எடுத்தபோது மறுபடியும் அழுகை. “ஒரு வார்த்தை பேசிப் பழகாத கோடீஸ்வரருக்காகவா?” என்று கணவர் சிரிக்கிறார். பள்ளியில் சாஃப்ட்பால் ஆடும் மகளோ, “அவர் நல்லவர் என்று உனக்கு எப்படித் தெரியும்? தன் சாதனைக் கணக்கை உயர்த்திக்கொள்ளவே ஆடிய சுயநலக்காரர் என்றுதான் பலர் சொல்கிறார்கள்” என்கிறாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நான் செய்வது பைத்தியக்காரத்தனமா?

— வாசகி, பெல்வியூ, வாஷிங்டன் மாநிலம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகள் கேட்டிருப்பது நல்ல கேள்வி. கணவர் கேட்டது அவ்வளவு நல்ல கேள்வி இல்லை. ஆகவே மகளிடமிருந்தே தொடங்குகிறேன்.

ஒருவரோடு பேசாமலே அவர் குணம் தெரியுமா? திரைப்பட நடிகர் என்றால் தெரியாது என்று உடனே சொல்லிவிடுவேன். பேஸ்பால் ஆட்டக்காரர் விஷயத்தில் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது. அமெரிக்கப் பெரும் லீகில் ஒரு பருவத்துக்கு 162 ஆட்டங்கள். வசந்தத்தில் ஆரம்பித்தால் செப்டம்பர் கடைசிவரை கிட்டத்தட்ட தினமும் ஆட்டம். இச்சிரோ 2001 முதல் 2011 வரை, வயிற்றுப் புண்ணால் முதல் சில ஆட்டங்களைத் தவறவிட்ட 2009ஐ விட்டுவிட்டால், எந்தப் பருவத்திலும் 157 ஆட்டங்களுக்குக் குறைவாக ஆடியதில்லை. தெருமுனைத் தேநீர்க் கடைக்காரரை நாம் இப்படித்தான் அறிகிறோம். அவர் வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரியாது. ஆனால் கூட்டம் நெரிக்கும்போது எப்படி இருப்பார், கடை காலியாகக் கிடக்கும்போது எப்படி இருப்பார், சில்லறைத் தகராறில் குரலை உயர்த்துவாரா என்பதெல்லாம் தெரியும். ஒரு நாள் நடிக்கலாம், ஒரு மாதம் நடிக்கலாம். பதினோரு பருவங்கள் தினமும் நடிக்க முடியாது. முடிந்தால் அந்த நடிப்பையே குணம் என்று ஒப்புக்கொண்டுவிடலாம்.

நீங்கள் பார்த்ததை எல்லாம் உங்கள் வாயாலேயே மகளிடம் சொல்லுங்கள். பேட்டைப் பிடித்த வலக்கையைப் பந்து வீசுபவரை நோக்கி நீட்டுவார். இடக்கையால் தோள்பட்டைச் சட்டையை மெல்ல இழுத்துவிட்டுக்கொள்வார். அணி முன்னணியில் இருந்தாலும் படுதோல்வியில் இருந்தாலும் அதில் மாற்றம் இருக்காது. பேட்டுகளில் ஈரம் ஏறாதபடி தனிப் பெட்டியில் வைத்திருப்பார். கையுறையைத் தானே துடைத்துப் பளபளப்பாக்குவார். உதவியாளர்களுக்குப் பஞ்சமே இல்லாத லீகில் இது வழக்கமில்லாத காட்சி.

ஆட்டத்துக்கு வெளியே நடந்தவையும் உண்டு. அவருக்கு முன் சியாட்டிலில் 51ஆம் எண்ணை அணிந்திருந்தவர் ராண்டி ஜான்சன், பெரிய பந்து வீச்சாளர். அந்த எண்ணுக்கு இழுக்கு வராமல் பார்த்துக்கொள்வேன் என்று இச்சிரோ அவருக்குச் சொல்லி அனுப்பினார். 2012 ஜூலையில் நியூயார்க் யாங்கீஸ் அணிக்கு மாறினார். அங்கே 51 என்றால் அந்த அணியின் முன்னாள் நட்சத்திரம் பெர்னி வில்லியம்ஸின் எண் என்பதால் அதைக் கேட்காமல் 31ஐ வாங்கிக்கொண்டார். மாறிய அன்று யாங்கீஸ் ஆடியது சியாட்டிலில்தான். பதினோரு ஆண்டுகளுக்கு மேல் தன் மைதானமாக இருந்த இடத்தில் எதிரணிச் சட்டையோடு பேட் செய்ய வந்தவர், தலைக்கவசத்தைக் கழற்றிக் கூட்டத்தை வணங்கினார். பிறகு ஒரு ஹிட்டும் அடித்தார். (பந்தை அடித்துவிட்டு, ஓடித் தொடவேண்டிய முனையான பேஸை அவுட் ஆகாமல் எட்டுவதற்கு ஹிட் என்று பெயர்.) மரியாதை வேறு, வேலை வேறு.

எனக்கு மிகவும் பிடித்தது ஜார்ஜ் சிஸ்லர் விவகாரம். ஒரே பருவத்தில் 257 ஹிட் என்பது சிஸ்லர் 1920இல் வைத்த சாதனை. 2004 அக்டோபர் 1ஆம் தேதி சியாட்டிலில் இச்சிரோ அதை முறியடித்தார்; 262இல் போய் முடித்தார். அன்று சிஸ்லரின் குடும்பத்தார் மைதானத்தில் இருந்தார்கள். ஆட்டத்தின் நடுவிலேயே அவர்கள் அமர்ந்திருந்த இடத்துக்குப் போய்க் கைகுலுக்கினார். அதற்குக் கேமரா முன்னால் இருந்தது, சரி. ஐந்து ஆண்டுகள் கழித்து, லீகின் சிறந்த ஆட்டக்காரர்கள் ஆடும் நட்சத்திர ஆட்டத்துக்காக செயின்ட் லூயிஸ் போயிருந்தபோது, மனைவியோடு சிஸ்லரின் கல்லறையைத் தேடிப் போய் மலர் வைத்தாரே, அந்தச் சாதனை அதற்குள் பழங்கதையாகியிருந்தது. போகாமல் இருந்திருந்தால் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

இனி சுயநலம் என்ற குற்றச்சாட்டு. இதை அவசரமாகத் தள்ளிவிடாதீர்கள். மகள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. 262 ஹிட் அடித்த அதே 2004இல் மேரினர்ஸ் 99 ஆட்டங்களில் தோற்றது. அந்த 262இல் 225, ஒரே ஒரு பேஸ் மட்டும் எடுத்துக்கொடுக்கும் சிங்கிள்கள். பயிற்சியின்போது பந்தைக் கூட்டத்துக்குள் சர்வசாதாரணமாகத் தூக்கி அடிக்கிறவர், ஆட்டத்தில் தரையோடு தட்டிவிட்டு ஓடுகிறாரே என்ற எரிச்சல் பலருக்கு இருந்தது. 101 ஆட்டங்களில் தோற்ற 2008இல், சொந்த அணிக்காரர்கள் சிலருக்கே அவர்மேல் கடுங்கோபம் என்று செய்தி வந்தது. அவரும் தோளில் கைபோட்டுப் பழகுகிற ஆளாகப் பெயர் எடுக்கவில்லை. என் கணிப்பு இது: முதலில் பேட் செய்ய வருபவரின் வேலை எப்படியாவது பேஸுக்குப் போய்ச் சேர்வது. அதை அவர் யாரையும்விட நன்றாகச் செய்தார். அதற்குப் பிறகு வந்தவர்கள் அவரை ஓட்டம் நிறைவாகும் ‘ஹோம்’ முனைக்குக் கொண்டுவந்து சேர்க்காததற்கு அவர் பொறுப்பில்லை. ஆனால் அணியைக் கட்டி இழுத்துப் போகும் தலைவர் அவர் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

அவரே அப்படிச் சொல்லிக்கொண்டதில்லை. ஓய்வு பெற்ற இரவில், நள்ளிரவு தாண்டியும் நீண்ட செய்தியாளர் சந்திப்பில், அணி மேலாளர் ஆவீர்களா என்று கேட்டார்கள். முடியவே முடியாது, என் பின்னால் வரும்படி மனிதர்களை ஈர்க்கும் தன்மை எனக்கு இல்லை என்று சிரித்தபடி மறுத்துவிட்டார். இதை மகளிடம் சொல்லுங்கள். தன் குறையை இவ்வளவு துல்லியமாகத் தெரிந்து வைத்திருக்கும் பிரபலங்கள் அதிகம் கிடைக்கமாட்டார்கள்.

ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். 4,256 ஹிட்களோடு லீகின் உச்சத்தில் நிற்கும் பீட் ரோஸையும் ரசிகர்கள் இப்படித்தான் கொண்டாடினார்கள். பேஸுக்கு நடந்து போகலாம் என்ற இடத்தில்கூட ஓடிப் போனவர் அவர். தம் அணியின் ஆட்டங்கள்மீதே பந்தயம் கட்டியதால் 1989இல் வாழ்நாள் தடை வாங்கினார். அவர் ஓடியது பொய்யா? இல்லை. பந்தயம் கட்டியதும் பொய்யில்லை. அதனால், இச்சிரோ தம் வேலையை நடத்திய விதம் தெரியும் என்று நீங்கள் தாராளமாகச் சொல்லலாம். அவர் நல்ல கணவரா, நல்ல நண்பரா, கடன் வாங்கினால் திருப்பித் தருவாரா என்பதற்கெல்லாம் ஜாமீன் நிற்காதீர்கள். மகள் அதைக் கேட்டால், தெரியாது என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள். ரசிகருக்கு அதற்குமேல் உரிமையும் இல்லை, அவசியமும் இல்லை.

இப்போது கணவருக்கு வருகிறேன். அவர் ஒன்றைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார். உங்கள் கடிதத்தைப் படித்தால் நீங்களும் அப்படித்தானோ என்று தோன்றுகிறது. இச்சிரோவுக்காக மட்டும் நீங்கள் அழவில்லை.

2001இன் வசந்தத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஜப்பானில் தொடர்ந்து ஏழு ஆண்டுகள் பேட்டிங் பட்டம் வென்றவர்தான் வந்தார். ஆனாலும் இவ்வளவு ஒல்லியானவர் அமெரிக்கப் பந்து வீச்சைத் தாங்குவாரா என்று சந்தேகப்பட்டார்கள். பந்து வீச்சாளர்கள் தவிர மற்ற இடங்களில் ஜப்பானிலிருந்து அதற்கு முன் யாரும் அங்கே ஆடியதில்லை. பேச மொழிபெயர்ப்பாளர் வேண்டும். ஓக்லாந்து மைதானத்தில் ரசிகர்கள் சிலர் அவர்மேல் நாணயங்களை வீசினார்கள். அங்கேதான் ஏப்ரல் 11ஆம் தேதி மைதானத்தின் வலப்பக்கக் கோடியான ரைட் ஃபீல்டிலிருந்து மூன்றாம் பேஸுக்கு நேர்கோடாக ஒரு பந்தை எறிந்து, அங்கே ஓடிவந்த ஓக்லாந்து ஆட்டக்காரர் டெரன்ஸ் லாங்கை அவுட் ஆக்கினார். அந்த ஆண்டு மேரினர்ஸ் 116 ஆட்டங்களில் வென்றது. சிறந்த புதுமுகம், மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்ற இரண்டு விருதுகளும் அவருக்கே. அதே மாதங்களில், அதே ஊரில், வேலை செய்யும் உரிமைகூட இல்லாமல் நீங்கள் ஓர் அறையில் உட்கார்ந்திருந்தீர்கள்.

நான் மேலே சொன்ன செய்தியாளர் சந்திப்பின் கடைசியில் அவரிடம் தனிமையைப் பற்றிக் கேட்டார்கள். அமெரிக்காவுக்கு வந்த பிறகுதான் தான் ஓர் அந்நியன் ஆனதாகவும், பிறர் மனத்தை எண்ணிப் பார்க்கவும் அவர்கள் வலியைக் கற்பனை செய்யவும் அதன் பிறகே கற்றதாகவும், அதுவரை தன்னிடம் இல்லாத ஒரு மனிதன் அப்போதுதான் தனக்குள் வந்ததாகவும் சொன்னார். புத்தகம் படித்தோ தகவல் சேகரித்தோ அது வந்திருக்காது, அனுபவித்ததால்தான் வந்தது என்றும் சொன்னார். (அதே சந்திப்பில், பசிக்கிறது என்றும் சொன்னாராம். நள்ளிரவில் யாருக்குத்தான் பசிக்காது!)

இந்தப் பகுதியைக் கணவரிடம் வாசித்துக் காட்டுங்கள். விளக்கம் எதுவும் வேண்டாம். பிறகு, அவர் அலுவலகத்தில் இருந்த அந்த மாலைகளில் உங்களுக்கு என்ன நேர்ந்துகொண்டிருந்தது என்பதைச் சொல்லுங்கள். இதுவரை சொல்லியிருக்கமாட்டீர்கள் என்றே நினைக்கிறேன். பேஸ்பாலைச் சாக்காக வைத்து அவரிடம் பேச வேண்டிய பேச்சு இது. அவர் சிரிப்பது ஆட்டத்தைப் பார்த்துத்தான். இதைக் கேட்டுச் சிரிக்கமாட்டார். சிரித்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள், அது வேறு பதில்.

ஓய்வு தந்த வெறுமை பற்றியும் ஒரு வார்த்தை. டோக்கியோவின் அந்தக் கடைசி ஆட்டத்தில் அவருக்கு ஒரு ஹிட்கூட இல்லை. எட்டாவது இன்னிங்ஸில், இரண்டாம் மூன்றாம் பேஸுகளுக்கு நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் பக்கம் பந்தை உருட்டிவிட்டு 45 வயதில் முழு வேகத்தில் ஓடினார், மயிரிழையில் அவுட். பிறகு களத்திலிருந்து அழைத்துக்கொண்டார்கள். ஆட்டம் முடிந்தும் கூட்டம் கலையாமல் காத்திருந்ததால் மறுபடியும் வெளியே வந்து வணங்கினார். ஆனால் தாம் பெருமைப்படுவது சாதனைகளைப் பற்றி அல்ல என்றார். 2018 மே மாதம் அவரை ஆடும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு, ஆட முடியாது என்று தெரிந்தே, மற்றவர்களோடு தினமும் பயிற்சி செய்துகொண்டிருந்தார். அந்த மாதங்களைத்தான் கொஞ்சம் பெருமையாக நினைப்பதாகச் சொன்னார். யாரும் எண்ணிக்கை வைக்காத மாதங்கள் அவை. ஜப்பானையும் சேர்த்து 4,367 ஹிட், அதில் அமெரிக்காவில் மட்டும் 3,089 என்று வைத்திருப்பவர் இப்படிச் சொல்வது எனக்கு வேடிக்கையாகவும் இருக்கிறது, நம்பும்படியும் இருக்கிறது. 2025இல் பேஸ்பாலின் சிறந்தவர்களைக் கௌரவிக்கும் புகழ் மண்டபத்துக்கு 394 வாக்குகளில் 393 பெற்றுத் தேர்வானபோது, தமக்கு வாக்களிக்காத அந்த ஒருவரை வீட்டுக்கு விருந்துக்கு அழைத்தார். ஜூலையில் ஏற்புரையில், அந்த அழைப்பு காலாவதியாகிவிட்டது என்று ஆங்கிலத்திலேயே சொல்லிச் சிரிக்கவைத்தார்.

உங்கள் மேரினர்ஸ் இன்னும் ஒருமுறைகூட லீகின் பட்டத்தை முடிவுசெய்யும் உலகத் தொடருக்குப் போனதில்லை. 2025இல் ஓர் ஆட்டத்தில் வாய்ப்புத் தவறியது. அவர் போய்விட்டார் என்பதற்காக அந்த மாலைகளை விட்டுவிடாதீர்கள். அடுத்த பருவத்தில் மூவருமாக மைதானத்துக்குப் போய் வலப்பக்கத்து இருக்கைகளில் உட்காருங்கள். அங்கிருந்து மூன்றாம் பேஸ் எவ்வளவு தூரம் என்று கணவர் நேரில் பார்க்கட்டும்.

மகளுக்கு வேறொரு காணொளி இருக்கிறது. ஓய்வுக்குப் பிறகு இச்சிரோ ஓர் அமெச்சூர் அணி வைத்துக்கொண்டு, ஜப்பானின் உயர்நிலைப் பள்ளி மாணவிகளில் சிறந்தவர்களைத் தேர்ந்தெடுத்த அணியோடு ஆடிவருகிறார். பந்து வீசுவதும் அவர்தான். சிறுபெண்கள்தானே என்று விட்டுக்கொடுக்காமல் முழுப் பலத்தோடு வீசுகிறார். சாஃப்ட்பால் ஆடுகிறவள் அல்லவா, இது மரியாதையா சுயநலமா என்று அவளே பார்த்துச் சொல்லட்டும். என் பதிலைவிட அவள் பதிலைக் கேட்கத்தான் எனக்கு ஆவல்.