கழுத்துப் பிடிப்பு, தோள் இறுக்கம், இடுப்பு வலி: கேளுங்க, சொல்றேன்

வணக்கம்ங்க. திருப்பூர்ல பிசியோதெரபி பாக்கறேன். என்கிட்ட வர்றவங்க பெரும்பாலும் பனியன் கம்பெனி ஆளுங்க, இப்ப கம்ப்யூட்டர் வேலை பாக்கற பசங்களும் நெறைய வர்றாங்க. எம்ஆர்ஐ ரிப்போர்ட்ட போட்டோ எடுத்துப் போட்டு இது என்னன்னு கேக்காதீங்க, மாத்திரை பேரும் கேக்காதீங்க. மத்தபடி கேளுங்க.

பவர் டேபிள் டெய்லர், அனுப்பர்பாளையம்: மேடம், நான் டெய்லி ஒன்றரை ஷிப்ட் தைக்கிறேன். சாயங்காலம் ஆனா வலது தோள்ல இருந்து கழுத்து வரைக்கும் இறுகிப் போயிருது. வீட்டுக்காரர் தைலம் போட்டு நீவி விட்டா தூக்கம் வருது, ஆனா மறுநாள் மத்தியானமே திரும்ப வந்துருது. தேய்மானமா இருக்குமோ?

தேய்மானம்னு நீங்களே முடிவு பண்ணாதீங்க. மொதல்ல உங்க மெஷினப் பாப்போம். ஸ்டூலுக்கு சாய்மானம் இருக்காது, குட்டையா இருக்கறவங்களுக்கும் நெட்டையா இருக்கறவங்களுக்கும் ஒரே உயரம். ஊசி விழற எடத்தப் பாக்க தலை முன்னாடி போகுது, துணியப் புடிக்க முழங்கை மேல தூக்குது, தோளு காதுகிட்ட வந்துருது. பின்மண்டைல இருந்து தோள்பட்டை வரைக்கும் வர்ற ட்ரபீசியஸ் தசை இப்படியே நாள் முழுக்க லேசா சுருங்கியே கெடக்குது. பாரம் ஒண்ணும் பெருசில்ல, ஆனா ஒரு நிமிஷம் கூட விடறதில்ல, அதுதான் வலி.

அதனால மொதல்ல உயரம். நீங்க உக்காந்தா முழங்கை டேபிள் மட்டத்துக்கு வரணும். ஸ்டூல் தாழ்வா இருந்தா கட்டிங் வேஸ்ட்டையே மடிச்சு பையில தெச்சு அடில போட்டுக்கங்க. ஸ்டூல மெஷினுக்கு நெருக்கி இழுத்துக்கங்க, பெடல் ரொம்ப உள்ள இருந்தா மெக்கானிக்க விட்டு முன்னாடி இழுக்கச் சொல்லுங்க, காலு எட்டாதவங்க உடம்பு முழுக்க முன்னாடி வழுக்கித்தான் உக்காருவாங்க. பண்டல் எப்பவும் ஒரே பக்கம் இருந்தா அந்தப் பக்கமே திரும்பித் திரும்பி எடுப்பீங்க, அத முடிஞ்சா மாத்தி வைக்கச் சொல்லுங்க. பாபின் மாத்தறப்ப எல்லாம் தோள மேல தூக்கி தொப்புன்னு கீழ விடுங்க, ரெண்டு தோள்பட்டையையும் முதுகுப் பக்கமா சேத்து அஞ்சு எண்ணுங்க. லைன்ல சூப்பர்வைசர் கத்தற அளவுக்கு நேரம் ஆகாது, பத்து செகண்ட் தான்.

அப்புறம் தைலம். அதுல இருக்கற மென்தால் குளுகுளுன்னும் மெத்தில் சாலிசிலேட் சூடாவும் தோல்ல இருக்கற நரம்புக்கு தெரியுது, மூளை கொஞ்ச நேரம் வலிய மறக்குது. நீவி விடறதும் பெரும்பாலும் அப்படித்தான், தசைய நிரந்தரமா மாத்தறதில்ல, நரம்ப அமைதிப்படுத்துது. இத நான் கொறை சொல்லலீங்க. வலி கொறைஞ்ச அந்த அரை மணி நேரம் இருக்கு பாருங்க, அதுல படுத்துத் தூங்கிடறீங்க, அங்கதான் தப்பு. அப்பதான் கழுத்த ஒழுங்கா அசைக்க முடியும். வலது கைய தொடைக்கு அடில வெச்சு உக்காந்துட்டு இடது காத இடது தோள் பக்கம் சாய்ங்க, 30 செகண்ட், மூணு தடவ. அடுத்து ஒரு லிட்டர் வாட்டர் பாட்டில் ரெண்டு எடுத்து முதுகுப் பக்கமா இழுக்கற பயிற்சி, பத்து தடவ. தசைக்கு வலு வந்தாத்தான் ஒன்றரை ஷிப்ட் தாங்கும். விரல் மரத்துப் போறது, கத்தரி கைய விட்டு நழுவறது இதெல்லாம் இருந்தா நேர்ல யார்கிட்டயாவது காட்டுங்க.

மூலனூர் தம்பி: எந்த எண்ணெய் பெஸ்ட்?

வீட்ல இருக்கற எண்ணெய். கை வழுக்கத்தான் எண்ணெய்.

கோவை ஐடி: மேடம், கழுத்த 60 டிகிரி குனிஞ்சா 27 கிலோ பாரம்னு ஒரு படம் சுத்துதே, அதப் பாத்து பயந்து போஸ்ச்சர் பெல்ட் ஒண்ணு ஆர்டர் போட்டுட்டேன். எவ்வளவு நேரம் போடலாம்?

ரிட்டர்ன் டேட் முடியலைன்னா திருப்பி அனுப்பிடுங்க. அந்தப் படம் 2014ல நியூயார்க் முதுகெலும்பு சர்ஜன் கென்னத் ஹான்ஸ்ராஜ் கம்ப்யூட்டர்ல போட்ட ஒரு கணக்கு. உண்மையான ஆள் கழுத்துல அளந்து பாத்தது இல்ல. பாரம் கூடுது, சரிதான், ஆனா பாரம் கூடினா காயம்னு அர்த்தம் கெடையாது, தசை அதுக்குத்தான இருக்கு. 2018ல பிரேசில்ல இளவட்டப் பசங்க போன் பாக்கறப்ப கழுத்து எப்படி இருக்குன்னு பாத்து அதுக்கும் கழுத்து வலிக்கும் சம்பந்தம் இருக்கான்னு தேடினாங்க, கெடைக்கல.

நிமிர்ந்து உக்காரு நிமிர்ந்து உக்காருன்னு வெறச்சு உக்காந்தா அதுவும் வலிக்கும்ங்க. எந்த நெலையா இருந்தாலும் அதுலயே ரெண்டு மணி நேரம் இருக்கறதுதான் பிரச்சினை. லேப்டாப்ப நாலு புத்தகம் வெச்சு கண் மட்டத்துக்கு தூக்குங்க, தனி கீபோர்டு வாங்குங்க, அரை மணிக்கு ஒருக்கா எழுந்திரிங்க. பெல்ட் காச அந்த கீபோர்டுக்கு போடுங்க.

பல்லடம் 90ஸ்: சலூன்ல கட்டிங் முடிஞ்சதும் தலைய புடிச்சு ரெண்டு பக்கமும் மடக்குன்னு திருப்பி சொடக்கு எடுப்பாரு, செம ரிலீப். வாரா வாரம் ஓகேவா?

வேண்டாம். தலைல தட்டறது, தோள அமுக்கறது எல்லாம் சந்தோஷமா பண்ணிக்கங்க, கழுத்த மட்டும் வெடுக்குன்னு திருப்ப விடாதீங்க. கழுத்தெலும்புக்குள்ள ரெண்டு பக்கமும் ஒரு ரத்தக் குழாய் மூளைக்கு போகுது. வேகமா திருப்பறப்ப அபூர்வமா அதோட உள்சுவர் கிழிஞ்சு, ரத்தம் கட்டி, பக்கவாதம் வர்றது உண்டு. 1993ல அமெரிக்க நரம்பியல் டாக்டர் மைக்கேல் வெய்ன்ட்ரப், பார்லர்ல கழுத்த பின்னாடி சாய்ச்சு தலை அலசினதுக்கப்புறம் மூளைக்கு ரத்தம் கொறைஞ்ச அஞ்சு பெண்களப் பத்தி எழுதினாரு. அங்க யாரும் முறுக்கக்கூட இல்ல. சலூன்ல சொடக்கு எடுத்து மணிக்கணக்கிலயோ ரெண்டு மூணு நாள்லயோ புதுசா பின்மண்டை வலி, தலைசுத்தல், ரெண்டு ரெண்டா தெரியறது, பேச்சு குழறல் வந்தா நேரா பெரிய ஆஸ்பத்திரி.

உடுமலை: எங்க பெரியாத்தா கால்ல பொறந்தவங்க, சுளுக்குன்னு யார் வந்தாலும் மூணு தடவ காலால நீவி விடுவாங்க, சரியாயிரும். இதுக்கு உங்க சயின்ஸ் என்ன சொல்லுது?

எனக்கு ரொம்பப் புடிச்ச கேள்வி இது. கால் முன்னாடி வந்து பொறந்தவங்க, ரெட்டைப் புள்ளைங்க மிதிச்சா சுளுக்கு விடும்னு எங்க ஊர்லயும் சொல்லுவாங்க. காலைல எழுந்ததும் கழுத்து ஒரு பக்கம் திரும்பாம போறது எதுவும் பண்ணாட்டியும் ரெண்டு மூணு நாள்ல கொறைய ஆரம்பிச்சு ஒரு வாரத்துல பெரும்பாலும் சரியாயிரும். நாம எப்ப பெரியாத்தாகிட்ட போறோம்? வலி உச்சத்துல இருக்கறப்ப. அதுக்கப்புறம் அது எறங்கத்தான செய்யும். பேரு பெரியாத்தாவுக்கு.

உடுமலை: அப்ப உங்க கிளினிக்லயும் அதே கதைதான? தானா சரியாகறதுக்கு எதுக்கு பீஸ் வாங்கறீங்க?

சபாஷ். சாதா சுளுக்குக்கு என்கிட்ட வரவே வேண்டாம்ங்க. வந்தா காய்ச்சல் இருக்கா, அடிபட்டுதா, கை மரக்குதான்னு பாத்துட்டு, சுடுதண்ணி ஒத்தடம் கொடுங்க, வலிக்காத தூரம் வரைக்கும் திருப்பிட்டே இருங்கன்னு சொல்லி அனுப்பிடுவேன். பீஸ் அந்த பாக்கறதுக்கு.

நாட்டு வைத்தியம் வாழ்க: எல்லாம் அலோபதி திமிரு. தொக்கணம்னு உடம்பப் புடிச்சு விடற வைத்தியத்துலயே ஒம்பது வகை நம்ம சித்தர்கள் வெச்சிருக்காங்க, தெரியுமா உங்களுக்கு?

தெரியும்ங்க. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல். நான் அலோபதி டாக்டரும் இல்ல, பிசியோ. தொக்கணமும் வர்மமும் முறையாப் படிச்சவங்க தாம்பரம் சானடோரியம் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்துலயும் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரிலயும் இருக்காங்க, அங்க போங்க, நான் தடுக்கல. வர்மம்னு போர்டு மட்டும் போட்டுட்டு கழுத்த முறுக்கறவர்கிட்டதான் போகாதீங்கங்கறேன்.

நாட்டு வைத்தியம் வாழ்க: எங்க தாத்தா கழுத்தயும்தான் எடுப்பாரு, இதுவரைக்கும் யாருக்கும் ஒண்ணும் ஆனதில்ல.

ஹெல்மெட் போடாம ஓட்டறவங்களும் இதத்தான் சொல்றாங்க. அபூர்வம்னு நானே மேல சொல்லிட்டேன். ஆனா தானா சரியாகற வலிக்கு அந்த ரிஸ்க் எதுக்கு?

காங்கேயம்: சண்டைய விடுங்க. எங்க ஊர்ல உலக்கைய முதுகுல உருட்டுவாங்க, அது?

முதுகுச் சதைல மெதுவா உருட்டினா ஒண்ணும் ஆகாது, சொகமாவே இருக்கும். நடு எலும்பு மேல வேண்டாம், கழுத்துல வேண்டாம், எலும்பு வலு கொறைஞ்ச வயசானவங்களுக்கு எங்கயுமே வேண்டாம்.

தாராபுரம்: அப்பாவுக்கு 58, சுகர் இருக்கு. காலைல இருந்து இடது தோள், தாடை எல்லாம் இறுக்கமா இருக்குங்கறாரு, வேர்க்குது. வாயு புடிச்சிருக்குன்னு சோடா குடுத்து முதுக தேச்சு விட்டுட்டு இருக்கோம். எந்த எடத்துல அமுக்கணும்?

எங்கயும் அமுக்காதீங்க. இப்பவே 108க்கு போன் பண்ணுங்க, இத படிச்சு முடிக்க வேண்டாம். இது மாரடைப்பா இருக்கலாம். நடக்க விடாதீங்க, பைக்ல உக்கார வெச்சு கூட்டிட்டு போகாதீங்க. சுகர் இருக்கறவங்களுக்கு நெஞ்சு வலியே இல்லாமலும் வரும். மத்தவங்களுக்கும் சொல்றேன், வேர்வை, மூச்சு வாங்கறது, தாடைக்கோ கைக்கோ பரவற இறுக்கம் இருந்தா வாயுன்னு பேரு வெச்சு நேரத்த வீணாக்காதீங்க, மொதல்ல ஈசிஜி.

அவிநாசி அம்மா: பொண்ணுக்கு பிரசவம் ஆகி மூணு வாரம். ஒரு காலு மட்டும் கெண்டைக்கால் வீங்கி சூடா இருக்கு. எண்ணெய் போட்டு உருவி விடலாமா?

உருவாதீங்கம்மா. கால் ரத்தக் குழாய்க்குள்ள ரத்தம் கட்டியிருக்கலாம், உருவினா அந்தக் கட்டி நகந்து நுரையீரலுக்கு போயிடலாம். இன்னைக்கே ஆஸ்பத்திரில காட்டி, ரத்த ஓட்டத்தப் பாக்கற டாப்ளர் ஸ்கேன் கேளுங்க. மூச்சு வாங்கினா 108.

வெள்ளகோவில்: நல்லெண்ணெயா தேங்காயெண்ணெயா?

மேல சொல்லிட்டேன்.

ஈரோடு வாத்தியார்: தினமும் ஸ்ட்ரெச்சிங் எவ்வளவு நேரம், காலைலயா ராத்திரியா? சூரிய நமஸ்காரம் பண்ணா போதுமா?

எப்ப விடாம பண்ணுவீங்களோ அப்ப. எழுந்த ஒடனே மட்டும் முழுசா குனிஞ்சு கால் விரல தொடப் போகாதீங்க, ராத்திரி பூரா படுத்ததுல டிஸ்க் தண்ணி உறிஞ்சி கொஞ்சம் விறைப்பா இருக்கும், அரை மணி நேரம் நடமாடிட்டு பண்ணுங்க. எவ்வளவு நேரம்ங்கறதுக்கு 1994ல அமெரிக்காவுல தொடைப் பின்தசைய வெச்சு பாத்தாங்க, 15 செகண்ட விட 30 நல்லா வேலை செஞ்சுது, 60 புடிச்சாலும் 30க்கு மேல லாபமில்ல. அதனால 30. மூச்ச அடக்காதீங்க, இழுக்கற மாதிரி இருக்கணும், சுள்ளுன்னு குத்தக் கூடாது. நின்னே பாடம் எடுக்கற உங்களுக்கு கெண்டைக்கால், தொடைப் பின்பக்கம், இடுப்பு முன்பக்கம், இந்த மூணும் முக்கியம். இடுப்பு முன்பக்கத்துக்கு ஒரு முட்டி தரைல போட்டு இன்னொரு கால முன்னாடி வெச்சு இடுப்ப முன்னாடி தள்ளுங்க. சூரிய நமஸ்காரம் தாராளமா, மெதுவா.

பல்லடம் 90ஸ்: சரி சலூன்காரர் வேண்டாம், நானே என் கழுத்த சொடக்கு எடுத்தா?

விரல்ல எடுத்துக்கங்க. மூட்டுக்குள்ள இருக்கற திரவத்துல காத்துக் குமிழ் உருவாகற சத்தம்தான் அது. டொனால்ட் அங்கர்னு ஒரு அமெரிக்க டாக்டர் 60 வருஷத்துக்கும் மேல ஒரு கைல மட்டும் நெட்டி முறிச்சுப் பாத்தாரு, எந்தக் கைலயும் மூட்டு வாதம் வரல, அதுக்கு 2009ல இக் நோபல் பரிசு (சிரிக்க வெச்சு யோசிக்க வைக்கற ஆராய்ச்சிக்கு தர்றது) கூட குடுத்தாங்க. ஆனா அது விரல். கழுத்துக்கு மறுபடியும் வேண்டாம்.

சோமனூர்: மசாஜ் கன் வாங்கலாமா?

தொடை, கெண்டைக்கால், பின்பக்கச் சதைக்கு ஓகே. கழுத்து முன்பக்கம் வைக்காதீங்க.

குன்னத்தூர்: மேடம் மசாஜுக்கு எந்த எண்ணெய்...

அடுத்த கேள்வி.

செக்கிங், வீரபாண்டி: நாங்க நாள் முழுக்க நின்னே பீஸ் செக் பண்றோம், இடுப்பும் குதிகாலும் விட்டுப் போகுது. ஸ்டூல் கேட்டா வேலை மெதுவாகும்ங்கறாங்க. ஸ்ட்ரெச்சிங் பண்ணா சரியாகுமா மேடம்?

கொஞ்சம் கொறையும், சரியாகாது. டேபிளுக்கு அடில நாலஞ்சு இஞ்ச் உயரத்துல ஒரு கட்டை போட்டு ஒரு கால் மாத்தி ஒரு கால் தூக்கி வைங்க, இடுப்பு ஒடனே லேசாகும். சிமெண்ட் தரைல வெறுங்கால்ல நிக்காதீங்க, மெத்துன்னு இருக்கற செருப்பு போடுங்க, இல்ல வேஸ்ட் துணிய மடிச்சு மேட் மாதிரி போட்டுக்கங்க. டீ டைம்ல செவுத்துல கை வெச்சு கெண்டைக்கால இழுங்க.

ஆனா ஸ்டூல் உங்க உரிமை. நின்னு வேலை பாக்கறவங்களுக்கு நடுவுல ஓய்வு கெடைக்கறப்ப உக்கார வசதி செஞ்சு குடுக்கணும்னு 1948 தொழிற்சாலைச் சட்டம் 44வது பிரிவுலயே இருந்துச்சு, 2025ல அதுக்குப் பதிலா நடைமுறைக்கு வந்த புதுச் சட்டத்துலயும் நிக்கறவங்களுக்கு உக்கார வசதி குடுக்கணும்னு இருக்கு. ஜவுளிக்கடை மாதிரி எடங்களுக்கு தமிழ்நாட்டுல 2021ல தனியா திருத்தமே கொண்டு வந்தாங்க. தனியா கேட்டா நீங்க மட்டும் தெரிவீங்க, லைன்ல இருக்கற லேடீஸ் எல்லாம் சேந்து கேளுங்க. உயரமான ஸ்டூலா கேளுங்க, டேபிள் உயரத்த மாத்தாமலே பாதி உக்காந்து பாதி நின்ன மாதிரி செக் பண்ணலாம், மெதுவாகும்ங்கற பேச்சுக்கும் எடமில்ல.