பதினெட்டு வசனமும் ஒரு பட்டுப்புடவையும்

கேள்வி: என் மகள் காரைக்குடியில் ஒரு மெட்ரிக் பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். ஆங்கிலம், நாடகம், சமூக அறிவியல் மூன்றுக்கும் சேர்த்து, இந்தப் பருவத்தின் கற்றல் நோக்கங்கள் என்று ஒரு தாள் கொடுத்திருக்கிறார்கள். கீழே டீச்சரின் குறிப்பு: ‘ஆங்கிலம் எழுதுகிறாள், பேசத் தயங்குகிறாள். நாடகத்தில் ஒட்டாமல் நிற்கிறாள். பிறர் இடத்திலிருந்து யோசிக்கப் பழக வேண்டும்.’ ஃபீஸ் கட்டுவது படிக்கவா, நடிக்கவா? ஆண்டு விழா இங்கிலீஷ் நாடகத்தில்கூட முதலில் வேலைக்காரி வேடம்தான் கொடுத்தார்கள், பதினெட்டு வசனம் வேறு. நான் போய்ப் பேசி ராணியாக மாற்றினேன். ரெண்டே வசனம், பட்டுப்புடவையில் அழகாக இருந்தாள். அவளை ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்க்கட்டுமா, பள்ளியையே மாற்றட்டுமா?
- ஓர் ஆச்சி, பள்ளத்தூர்

பதில்: ஆச்சி, இதே கடிதம் எனக்கு வருஷத்துக்கு நாலைந்து வரும். ஊரும் வகுப்பும்தான் மாறும். போகப் போகச் சரியாகிவிடும், கவலைப்படாதீர்கள் என்று நான் எழுதுவேன் என எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். உங்களுக்கு அப்படி எழுத எனக்கு மனசு வரவில்லை. ராணி வேடத்தைப் பற்றிப் போகிறபோக்கில் எழுதினீர்களே, அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன்.

கணக்குக்குப் பேர்போன செட்டிநாட்டு ஊர்க்காரர் நீங்கள், போட்டுப் பாருங்கள். பதினெட்டு வசனத்தைக் கொடுத்து ரெண்டு வசனம் வாங்கியிருக்கிறீர்கள். மீதிப் பதினாறும் உங்கள் மகள் இங்கிலீஷில் வாய்விட்டுப் பேசியிருக்க வேண்டியவை. ஒத்திகை நடந்த நாளெல்லாம் ஒவ்வொன்றையும் எத்தனை தடவை சொல்லியிருப்பாள்! அதை ஒரு பட்டுப்புடவைக்கு விற்றுவிட்டு, இப்போது பேச்சு வகுப்புக்குக் காசு கட்ட இடம் தேடுகிறீர்கள்.

மொழி பழகுகிற பிள்ளைக்கு வேலைக்காரி பாத்திரத்தைப் போல ஒன்று கிடைக்காது. ராணிக்கு என்ன வேலை? ‘வா’, ‘போ’, ‘அவனை அழைத்து வா’. வாசலில் வந்தவரை யாரென்று விசாரிப்பதும், அவர் சொன்னதை உள்ளே போய்ச் சொல்வதும், பணிவாக மறுப்பதும், தெரியாததுபோல் சமாளிப்பதும் வேலைக்காரி. கேள்வி கேட்பது ஒரு பாடம், நேர்க்கூற்றை அயற்கூற்றாக்குவது ஒரு பாடம், மரியாதையாகக் கேட்பது இன்னொரு பாடம். நம் பிள்ளைகள் நோட்டில் மூன்றையும் சரியாக எழுதிவிட்டு, வாய் திறந்தால் தடுமாறுவது இங்கேதான். 2017இல் தேசியக் கல்வி ஆராய்ச்சி நிறுவனமான என்.சி.இ.ஆர்.டி. வெளியிட்ட கற்றல் விளைவுகளில், ஆறாம் வகுப்பு ஆங்கிலத்திலேயே வேடமேற்றுப் பேசுவதும் குழுவாக விவாதிப்பதும் இருக்கின்றன. டீச்சர் பொழுது போகாமல் நாடகம் போடவில்லை.

திருவிழாவில் வள்ளி திருமணம் நாடகம் பார்த்திருப்பீர்கள். ராஜபார்ட் மேடைக்கு வரும் முன்னால் அத்தனை கூட்டத்தையும் கலையாமல் பிடித்து வைப்பது யார்? பஃபூன். கிரீடம் கிடையாது, பட்டு கிடையாது, வாய் ஒன்றுதான்.

சரி, இங்கிலீஷ் கணக்கு இதோடு முடிந்தது. என் கோபம் வேறு.

வேலைக்காரி இல்லாமல் அந்த நாடகம் நடந்திருக்காது. அப்படியானால் அந்த வேடம் இன்னொரு வீட்டுப் பெண்ணுக்குப் போயிருக்கிறது. யார் அந்தப் பெண்? உங்கள் கடிதத்தில் அவளைக் காணோம். பள்ளிக்கு வந்து பேசத் துணியாத ஒரு தாயின் மகளாக இருக்கலாம். வேலைக்கு லீவு போட்டால் கூலி போய்விடும் என்கிற தாயாகவும் இருக்கலாம். உங்கள் மகளுக்கு ஆகாத வேடம் அவளுக்கு மட்டும் ஆகுமா? இதையெல்லாம் உங்கள் மகள் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். ஒட்டாமல் நிற்கிறாள் என்று டீச்சர் எழுதினால், எப்படி ஒட்டுவாள்? இவள் அம்மா வந்து வேடத்தை மாற்றினார் என்று வகுப்புக்கே தெரியும். பன்னிரண்டு வயசில் அது எவ்வளவு சுடும் என்பது மறந்துபோச்சா?

போன வருஷம் ஆறாம் வகுப்பு சமூக அறிவியலில் ‘சமத்துவம் பெறுதல்’ என்று ஒரு பாடம் படித்திருப்பாள். பாரபட்சம் என்றால் என்ன என்று எழுதி மார்க்கும் வாங்கியிருப்பாள். அந்தச் சமத்துவத்தைச் செய்து பார்க்க ஒரு வாய்ப்பு வந்தது, நீங்கள் போய் நிறுத்திவிட்டீர்கள். பிறர் இடத்திலிருந்து யோசிக்கப் பழக வேண்டும் என்ற வரியை, டீச்சர் உங்களுக்கு எழுதியதாகத்தான் நான் படித்தேன்.

உங்கள் வீட்டு ஐயாக்களும் பர்மாவுக்கோ மலேயாவுக்கோ கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போயிருப்பார்கள். அங்கே கடையும் தங்குமிடமுமான கிட்டங்கியில் முதல் நாளே கல்லாவில் உட்கார்ந்தார்களா? பெட்டியடிப் பையனாகப் போய், பெருக்கி, ஏவிய வேலையெல்லாம் செய்து, பக்கத்திலிருந்து கணக்குப் பழகி, அப்புறம் அடுத்தாள் ஆகி, அதற்கும் அப்புறம்தான் ஏஜெண்டு. வசதியான வீட்டுப் பிள்ளைகளும் அந்தப் படியில் நின்றிருக்கிறார்கள். எந்த ஆத்தாவும் கப்பலேறிப் போய், என் மகனை நேரே ஏஜெண்டாக்கு என்று கேட்கவில்லை.

பள்ளியை மாற்ற வேண்டாம். அந்த நாடகத் தாள் வீட்டில்தான் கிடக்கும், தேடி எடுங்கள். பதினெட்டு வசனமும் மகள், ராணி நீங்கள். எனக்கு இங்கிலீஷ் வராது என்று சொல்லாதீர்கள், ரெண்டே வசனம்தான். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு வளவு முற்றத்தில் நின்று பேசுங்கள். தாளைப் பார்த்துச் சொல்லட்டும், குரல் மட்டும் ரெண்டாம் கட்டு வரை கேட்க வேண்டும். ஒரு வாரம் போனதும் தாளை வாங்கி வைத்துவிட்டு, ராணி இன்றைக்குக் கோபமாக இருக்கிறாள், இப்போது எப்படிக் கேட்பாய் என்று கேளுங்கள். சொந்த வாக்கியம் அங்கேதான் வரும். தப்பாக வந்தாலும் நடுவில் திருத்தாதீர்கள்.

வீட்டில் பாத்திரம் தேய்க்க யாராவது வருகிறாரா? வந்தால், அவருக்கு வசதியான ஒரு நாளில் மகளை அவரோடு உட்காரச் சொல்லுங்கள். எந்த ஊர், எத்தனை வயசில் வேலைக்கு வந்தார், முதல் சம்பளம் எவ்வளவு, அதை யாரிடம் கொடுத்தார். தமிழில் கேட்டு எழுதி, அப்புறம் இங்கிலீஷில் ஒரு பக்கம். சரித்திரக்காரர்கள் வாய்மொழிச் சான்று என்பது இதைத்தான். (நம் செட்டிநாட்டு வீடுகளில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய சுவர் என்று விருந்தாளிக்குத் தடவிக் காட்டுகிறோம். அந்தச் சுண்ணாம்பை அரைத்தவர்களில் ஒருவர் பேராவது நமக்குத் தெரியுமா?) அவருக்குக் காப்பி கொடுங்கள், அவரும் நாற்காலியில் உட்காரட்டும். ‘எனக்கு வேலை கிடக்கு, போ தாயி’ என்றால் விட்டுவிடுங்கள்.

அடுத்த ஆண்டு விழாவில் மரம் வேடமே கொடுத்தாலும் பள்ளிக்கூட வாசலை மிதிக்காதீர்கள். ஒன்றை மட்டும் இன்றைக்கே செய்யுங்கள். அந்தப் பதினெட்டு வசனம் யாருக்குப் போனது என்று மகளிடம் கேளுங்கள், பேர் அவளுக்குத் தெரியும். அந்தப் பெண் மேடையில் எப்படிப் பேசினாள் என்றும் கேட்டு எனக்கு எழுதுங்கள். ஸ்போக்கன் இங்கிலீஷ் பற்றி அந்தக் கடிதம் வந்த பிறகு பேசலாம்.