நீண்ட கப்பல் பயணத்தின் முதல் நாள்: கைப்பையில் எது, பெட்டியில் எது?

தேவகோட்டையிலிருந்து வாசகர் ஒருவர் கேட்கிறார்: "பிள்ளைகள் எங்கள் இருவருக்கும் சிங்கப்பூரிலிருந்து டார்வின் வழியாகச் சிட்னி வரை 16 இரவுகள் செல்லும் உல்லாசக் கப்பலில் இடம் பதிவு செய்திருக்கிறார்கள். திருச்சியில் விமானம் ஏறிப் போய்க் கப்பலைப் பிடிக்க வேண்டும். எனக்கு வயது 69. மனைவி இன்சுலின் போட்டுக்கொள்பவர். இருவரும் சைவம். கப்பலில் ஏறும் நாளில் என்னென்ன கவனிக்க வேண்டும்? வீட்டுப் பலகாரமும் மசாலாப் பொடியும் கொண்டுபோகலாமா?"

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கப்பல் புறப்படும் நாளிலேயே சிங்கப்பூரில் போய் இறங்குவதுபோல் விமானச் சீட்டு எடுக்காதீர்கள். விமானம் தாமதமானால் கப்பல் உங்களுக்காகக் காத்திராது. முந்தைய நாளே போய் ஓர் இரவு தங்கிவிடுவது நல்லது. சிங்கப்பூர் விசாவோடு ஆஸ்திரேலிய விசாவும் கையில் இருக்க வேண்டும், ஏனென்றால் அதைச் சிட்னியில் அல்ல, கப்பல் ஏறும் இடத்திலேயே பார்ப்பார்கள்.

துறைமுகத்தில் பெரிய பெட்டிகளை அட்டை கட்டி ஒப்படைத்த பிறகு, அவை சோதனை முடிந்து உங்கள் அறை வாசலுக்கு வந்து சேர மாலையாகலாம், சில சமயம் இரவுச் சாப்பாடும் முடிந்துவிடும். ஆகவே அந்த நாள் முழுவதும் உங்கள் உடைமை என்பது தோளில் தொங்கும் கைப்பை மட்டுமே என்று எண்ணி அதை அடுக்குங்கள். கடவுச்சீட்டு, மருத்துவச் சீட்டின் நகல், மூக்குக்கண்ணாடி, ஒரு மாற்றுடை, எல்லாவற்றுக்கும் மேலாகப் பயணம் முழுவதற்குமான மருந்து ஆகியவை அதில் இருக்கட்டும்.

இன்சுலினை விமானத்திலும் சரி, கப்பலிலும் சரி, ஒப்படைக்கும் பெட்டியில் வைக்கவே கூடாது. விமானத்தின் சரக்கறைக் குளிரில் அது உறைந்தால் பயன்படாமல் போய்விடும். திறக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி வரை குளிர் வேண்டும். கப்பல் அறைகளில் உள்ள சிறு குளிர்பெட்டிகள் பல, குடிநீரைச் சற்றுக் குளிர்விக்குமே தவிர, இந்த அளவை நம்பகமாகக் காக்க மாட்டா. அறைக்குள் நுழைந்ததும் அறைப் பணியாளரிடம் மருந்துக்கான குளிர்பெட்டியும், பயன்படுத்திய ஊசிகளைப் போடும் கெட்டியான டப்பாவும் கேளுங்கள். பதிவு செய்யும்போதே எழுதிக் கேட்டிருந்தால் இன்னும் நல்லது. சிங்கப்பூர் நேரம் நம் நேரத்தைவிட இரண்டரை மணி முன்னால் இருப்பதாலும், கிழக்கே போகப் போகக் கப்பலின் கடிகாரம் மேலும் முன்னே தள்ளி வைக்கப்படுவதாலும், ஊசி போடும் வேளையை எப்படி மாற்றுவது என்பதை ஊரிலேயே உங்கள் மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கடல் குமட்டலுக்கான மாத்திரையைக் குமட்டல் தொடங்குவதற்கு முன்பே போட வேண்டும். நம் ஊர் மருந்துக் கடைகளில் கிடைக்கும் அவோமின் போன்றவை தூக்கம் தருபவை. முதியவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது. ஊசி போட்டுக்கொண்ட பிறகு வாந்தியால் சாப்பிட முடியாமல் போனால் சர்க்கரை திடீரென இறங்கும் ஆபத்து உண்டு. அப்போது தாமதிக்காமல் கப்பலின் மருத்துவ அறையை அழையுங்கள். அங்கே எல்லாவற்றுக்கும் கட்டணம் உண்டு என்பதால் கடற்பயணத்தையும் உள்ளடக்கிய காப்பீடு அவசியம்.

இனிப் பலகாரம். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன நம் பக்கத்துப் பெரியவர்கள் படுக்கையோடு தின்பண்டத்தையும் சுமந்து சென்றார்கள். இன்றைய கப்பல்கள் பெரும்பாலும் வீட்டில் சமைத்த உணவை அனுமதிப்பதில்லை; கடையில் வாங்கி முத்திரை பிரிக்காத பொட்டலங்களைத்தான் பொதுவாக விடுவார்கள். மாவுருண்டையும் சீப்புச் சீடையும் சிங்கப்பூரில் உறவினர் வீட்டோடு நின்றுவிடட்டும். அதைவிட முக்கியமான எச்சரிக்கை மசாலாப் பொடியைப் பற்றியது. நம் குருமாவுக்கு உயிரான கசகசா, சிங்கப்பூரில் தடை செய்யப்பட்ட பொருள். தனியாகவும் வேண்டாம், அரைத்த பொடியில் கலந்தும் வேண்டாம். ஆஸ்திரேலியாவிலோ, கரையிறங்கும்போது கையில் உள்ள உணவுப் பொருளை அட்டையில் எழுதி அறிவிக்க வேண்டும், மறைத்தால் அபராதம். கப்பல் உணவறையிலிருந்து பைக்குள் போட்டுக்கொண்ட ஆப்பிளுக்கும் இது பொருந்தும்.

இஸ்திரிப் பெட்டி, மின்கெட்டில், சோறு வடிக்கும் குக்கர் ஆகியவற்றைப் பெட்டிக்குள் வைத்தால், அந்தப் பெட்டி அறைக்கு வராமல் பாதுகாப்புப் பிரிவில் நிற்கும். நீங்கள்தான் தேடிப் போக வேண்டியிருக்கும். மாலையில் சாமி விளக்கேற்றும் பழக்கம் உள்ள ஆச்சிக்கு இது வருத்தமாக இருக்கலாம், ஆனால் விளக்கு, ஊதுபத்தி, சூடம் எதையும் கப்பல் அறையில் ஏற்ற முடியாது. கடலில் தீயைவிடப் பெரிய அச்சம் மாலுமிகளுக்கு இல்லை.

சைவ உணவுக்கு, ஏறிய பிற்பகலிலேயே உணவறைத் தலைமைப் பணியாளரைப் பாருங்கள். "சைவம்" என்று மட்டும் சொன்னால் போதாது. மீன், முட்டை, கோழிச் சாறு, மீன் சாறு எதுவும் கூடாது என்று பிரித்துச் சொல்லுங்கள், ஏனென்றால் காய்கறி சூப்பு என்று எழுதியிருப்பதிலும் கோழி வேகவைத்த நீர் இருக்கக்கூடும். மறுநாள் உணவை முந்தைய இரவே தெரிவித்துவிட்டால் பருப்பும் சோறும் செய்து தரும் சமையலறைகள் பல உண்டு. முதல் நாள் மதியம் எல்லோரும் மேல்தளத்து உணவுக்கூடத்திற்கே ஓடுவார்கள். கீழே பெரிய உணவறை திறந்திருந்தால் அங்கே அமைதியாக உட்கார்ந்து சாப்பிடலாம்.

அவசரகாலப் பயிற்சியைத் தட்டிக் கழிக்காதீர்கள். 2012 ஜனவரியில் கோஸ்டா கான்கார்டியா என்ற உல்லாசக் கப்பல் இத்தாலியக் கரையோரம் பாறையில் மோதி 32 பேர் இறந்தபோது, அன்று மாலை ஏறிய பயணிகளுக்கு அந்தப் பயிற்சி நடந்திருக்கவில்லை. 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பதே அன்றைய விதி. 2015 முதல், புறப்படுமுன்போ புறப்பட்ட உடனேயோ நடத்த வேண்டும் என்று அது மாறியது. ஏழு குறுகிய ஒலியும் ஒரு நீண்ட ஒலியும் கேட்டால், உங்கள் கப்பல் அட்டையில் குறித்துள்ள கூடுமிடத்துக்குப் போக வேண்டும், மின்தூக்கியில் அல்ல, படியில். முழங்கால் வலி இருந்தால் வரவேற்பு மேசையில் முன்பே சொல்லுங்கள். உதவி தேவைப்படுவோர் பட்டியலில் பெயரைச் சேர்த்துக்கொள்வார்கள். பட்டியல் இருந்தாலும், அறையிலிருந்து அந்த இடம் வரை இருவரும் ஒருமுறை படியிறங்கி நடந்து பாருங்கள்.

கப்பல் நகரும் முன் கைப்பேசியை விமான நிலைக்கு மாற்றிவிடுங்கள்; இல்லாவிட்டால் செயற்கைக்கோள் இணைப்பின் கட்டணம் பிள்ளைகளின் பரிசுத் தொகையைத் தின்றுவிடும். வாட்ஸ்அப்புக்குக் கப்பலின் வைஃபை வாங்கிக்கொள்ளலாம். பணியாளர் அன்பளிப்பு நாள்தோறும் உங்கள் கணக்கில் தானாகவே ஏறக்கூடும் என்பதால் அதற்கும் பணம் ஒதுக்கி வையுங்கள்.

இரவு அறைக்கு வரும் மறுநாள் நிகழ்ச்சித் தாளில் நேர மாற்றம் பற்றிய குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கைக்கடிகாரத்தைப் படுக்கும் முன்பே திருத்திவிட்டு, காலை ஊசிக்கான நேரத்தையும் அதற்கேற்பக் குறித்து வையுங்கள்.